கைகட்டி நின்ற பெண்

அயர்லாந்தில் தம்பி வீட்டில் காலை எட்டு மணி என்றால் ரங்கூனில் எனக்கு மதியம் இரண்டரை. கோடைக் காலத்தில் ஒன்றரை. அவர்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள் என்கிற விஷயம் முதல் வருஷம் எனக்குத் தெரியாது. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் வழக்கம்போல ஒன்றரைக்குப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி ஆகியும் கூப்பிடவில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று நினைத்தேன். கார் மோதிவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றிலும் அதுதான் அதிகமாக வலித்தது என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரைக்குத் தம்பி கூப்பிட்டு, "கடிகாரத்தை மாத்திட்டாங்கக்கா, சொல்ல மறந்துட்டேன்" என்றான். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.

தாமுவே பேட்டையில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறேன். காலையில் பசுந்தாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை, பன்னிரண்டரைக்கு பஸ் பிடித்து வந்துவிடுவேன். வயசு ஐம்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தம்பி பெண்டாட்டி பர்மாக்காரி, நர்ஸ். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் எட்டு சாப்பாட்டுப் பெயர். என்னை 'மமா' என்பாள், பர்மிய பாஷையில் அக்கா. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள் முதலில் போனாள், ஆறு மாசம் கழித்துத் தம்பி போனான். பெண் பிள்ளைகள் இரண்டும் என்னிடம் இருந்தன. அப்போது பெரியவளுக்கு மூன்று வயசு, சின்னவளுக்கு ஒன்றரை. வீடு பார்த்து, காகிதமெல்லாம் சரியாகி அவர்களை அழைத்துப் போக நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷமும் நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் சந்தனம் மாதிரி தனாக்காக் கட்டை அரைத்துக் கன்னத்தில் பூசினேன், நான்தான் பேன் பார்த்தேன். பிறகு ஒரு நாள் விமானம் ஏற்றிவிட்டு வந்து நாலு மாடி ஏறினேன். அத்தைகளுக்கெல்லாம் விசா கிடையாது.

அவர்கள் போன பிறகு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரியவள் என்னை மறக்கக் கூடாது. சின்னவளைப் பற்றி எனக்கு அந்த ஆசை இல்லை. அது ஆறே மாசத்தில் அயர்லாந்துக்காரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்து 'ஹாய்' என்று கையை ஆட்டும், அதோடு அன்றைய உறவு முடிந்தது. பெரியவள் அப்படி இல்லை. தினமும் பள்ளிக்குக் கிளம்பும்முன் அரை மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். போனைப் பால் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வாள். அந்த அரை மணிதான் என் நாள். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டுவது.

இப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் அயர்லாந்தில் ஒரு குடும்பம் நடத்தினேன் என்று சொல்லலாம். அந்த வீட்டில் எந்த அலமாரியில் ஓட்ஸ் இருக்கிறது, எந்த அலமாரியில் ரொட்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஓட்ஸ் கஞ்சியை அவர்கள் சர்க்கரை போட்டுக் குடிப்பார்கள். கஞ்சிக்கு ஊறுகாய் இல்லையா என்று கேட்டேன், சின்னவள் முகத்தைச் சுளித்தாள். சுவரோரம் ஒரு இரும்புச் சூடேற்றி இருக்கும், அதன்மேல் நேற்று நனைந்த காலுறைகள் வரிசையாகக் கிடக்கும். அங்கே மழை என்றால் நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. தூறிக்கொண்டே இருக்கும், யாரும் குடை பிடிக்க மாட்டார்கள், மஞ்சள் மழைச்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தே போவார்கள். "குடை குடுத்து அனுப்புடா, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று தம்பியை நச்சரிப்பேன். "காத்துல குடை திரும்பிக்கும்க்கா" என்பான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

பகல் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்பதிலும் தலையிடுவேன். ஒரு தடவை அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம், பெரியவளுக்குப் பிடிக்கும் என்று வறுத்த பயறும் வேர்க்கடலையும் கலந்து கொடுத்தனுப்பினேன். பள்ளிக்கு எடுத்துப் போகச் சொன்னேன். போன அன்றே டப்பா மூடியபடி திரும்பி வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கடலை ஆகாதாம், அதனால் பள்ளிக்குள்ளேயே கடலை வரக் கூடாதாம். கடலைக்குப் போய் ஒரு சட்டமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நான் தெரியாம கொண்டு போயிட்டேன் அத்தே" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்டவள் அவள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆமாம், நான் வளர்த்த பிள்ளை. நம் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. கையை மார்போடு கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். பர்மியப் பள்ளியிலும் அதேதான். சயாமா பேசினால், டீச்சரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், வகுப்பே கைகட்டித்தான் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே பாடம் என்பதால் எனக்கு வேலை சுலபமாகப் போயிற்று. விமான நிலையத்தில் கடைசியாகப் பெரியவளிடம் சொன்னதும் அதுதான். மற்றவர்கள் முத்தம் கொடுத்து அனுப்புவார்கள், நான் இப்படி அனுப்பினேன்: "டீச்சர் பேசினா கையைக் கட்டிக்கிட்டு நில்லு. முகத்துக்கு நேரா முறைச்சுப் பாக்காதே. கேட்டாத்தான் பேசணும். எதிர்க் கேள்வி கேக்கக் கூடாது. பர்மாவுல இருந்து வந்த பிள்ளைக்கு மரியாதை தெரியலன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது." அவள் தலையாட்டினாள். அழவில்லை. நானும் அழவில்லை, டாக்சியில் ஏறும் வரைக்கும்.

போன நவம்பரில் ஒரு நாள் தம்பி வழக்கமில்லாத நேரத்தில் கூப்பிட்டான். நான் கடையிலிருந்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தேன். அங்கே காலை ஆறரைகூட இருக்காது. குரலைத் தாழ்த்திப் பேசினான். முந்தின நாள் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்களாம்.

"பெரியவளைப் பத்தித்தான்க்கா. டீச்சர் ஏதாவது சொன்னா கையைக் கட்டிக்கிட்டு எங்கேயோ பாத்துக்கிட்டு நிக்கிறாளாம். என்ன கேட்டாலும் ஒத்தை வார்த்தைதானாம். ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கா, பழகிடுவான்னு பொறுத்துப் பாத்தோம்னாங்க. வீட்டுல ஏதாவது பிரச்சனையா, பிள்ளைக்கு எங்க மேல கோபமா, யாராவது மிரட்டுறாங்களான்னு கேட்டாங்க."

"மரியாதையா நிக்கிறா, அதுக்கென்ன?"

"இங்கே கையைக் கட்டுனா வீம்புன்னு அர்த்தம்க்கா. நீ யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு நிக்கிற மாதிரி. பிள்ளைங்களும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கு. இவ எப்பவும் கோவமா இருக்கான்னு ஒருத்தியும் பக்கத்துல வர்றதில்ல. ஒரு பிள்ளை பிறந்தநாளுக்கு வகுப்புல எல்லாரையும் கூப்பிட்டாங்களாம், இவளைக் கூப்பிடல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைகட்டி நிற்பது கோபமா? பிள்ளை தலைகுனிந்து நின்றால் பணிவு என்று தெரியாத ஊர் என்ன ஊர்? தம்பி பொறுமையாகக் கேட்டான். டீச்சரிடம் எல்லாம் விளக்கிச் சொல்லிவிட்டானாம். அந்த அம்மாவும் தங்கமான மனுஷியாம், எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டாளாம். ஆனால் வகுப்பில் இருக்கும் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு யார் விளக்குவது? பெரியவளிடம் கையை விடச் சொல்லியிருக்கிறான். அவள், "அத்தை கட்டச் சொன்னாங்க" என்றாளாம். அவள் அம்மா சொல்லியும் அதே பதில்.

"நீங்க சொன்னாத்தான் விடுவாக்கா. ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். அன்று மதியம் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்பா சொல்லிக் கேட்கவில்லை, அம்மா சொல்லிக் கேட்கவில்லை, இத்தனை கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னை மறக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். தம்பி கேட்டால், கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை, நெட் இழுக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு. இந்த ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன் பக்கத்தில் முழு சார்ஜோடு இருக்கும்போதே பொய் சொன்னேன். இப்படி மூன்று வாரம் ஓட்டினேன்.

அந்த மூன்று வாரமும் பிள்ளை பள்ளியில் தனியாக இருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு என்ன பாடம்? கழுத்தை மூடிக்கோ" என்று பேசிக்கொண்டிருந்தேன். அவளும், "சரி அத்தே, சரி அத்தே" என்று கஞ்சி குடித்தாள். தனிமை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனுஷரோடும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தால் அவரை வாசலில் நிறுத்தி வைத்து, ஊர்க்கதை பேசுகிறவள் நான். அதே தனிமையை ஒன்பது வயசுப் பிள்ளைக்கு நான் விட்டுவைத்தேன், என் ஆறுதலுக்காக.

அதை உடைத்தது தம்பி பெண்டாட்டிதான். அவள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவாள், தூக்கக் கண்ணோடு எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்ப் படுப்பாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது கிடையாது. ஒரு நாள் பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு அவளே போனை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். சட்டையைக்கூட மாற்றவில்லை. பர்மிய பாஷையில், சத்தம் போடாமல் சொன்னாள்.

"மமா, நேற்று பெரியவள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கலாம் என்று போனேன். இடைவேளை நேரம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. இவள் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். யாரும் இவளிடம் பேசக்கூட இல்லை, அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மணி அடிக்கும் வரைக்கும் நின்றாள். நான் கூப்பிடவில்லை. அம்மா பார்த்துவிட்டாள் என்று தெரிந்தால் வெட்கப்படுவாள்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவள் போனை வைத்த பிறகு அன்று முழுக்க அடுப்பு பற்ற வைக்கவில்லை. மாடிப்படியில் யார் ஏறினாலும் காது கொடுத்துக்கொண்டு, சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுப் பெண் மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ், மொஹிங்கா, கொண்டுவந்து கொடுத்தாள், அதையும் ஆறவிட்டேன்.

மறுநாள் இரண்டரைக்குப் பெரியவள் வந்து உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அடியே, ஒண்ணு சொல்றேன் கேளு. இனிமே பள்ளிக்கூடத்துல கையைக் கட்டாதே."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா சொல்லச் சொன்னாங்களா?"

"அப்பா சொன்னது இருக்கட்டும். நான் சொல்றேன். நான் தெரியாம சொல்லிக் குடுத்துட்டேன். அது இந்த ஊர் மரியாதை. அந்த ஊர்ல வேற மாதிரியாம். டீச்சர் பேசினா கையைக் கீழே விட்டுடு, முகத்தை நேராப் பாரு. யாராவது ஏதாவது கேட்டா முழுசா பதில் சொல்லு. உனக்குப் புரியலைன்னா நீயே கேளு."

"எதிர்க் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"கேக்கலாம்."

"பெரியவங்ககிட்டயுமா?"

"பெரியவங்ககிட்டயும்தான்."

அவள் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கிளறினாள். எனக்குச் சுமை இறங்கிய மாதிரி இருந்தது, கூடவே கையில் இருந்த ஒரே பிடியையும் நானே விட்டுவிட்ட மாதிரியும் இருந்தது. இனி இவள் சிரிப்பாள், பேசுவாள், சிநேகிதிகள் வருவார்கள், ஒரு நாள் இவளும் 'ஹாய்' என்று கையாட்டிவிட்டுப் போவாள். போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூக்கை உறிஞ்சினால் அவளுக்குக் கேட்குமே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அவள் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது.

"அப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா, அத்தே?"

"கேளு."

"அப்பா எங்களைக் கூட்டிட்டுப் போக வந்தப்போ, பெரியவ இந்த வருஷம் படிப்பை முடிச்சுட்டு அப்புறம் வரட்டும், உங்ககிட்டயே இருக்கட்டுமான்னு கேட்டாங்க. நீங்க, வேணாம், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்க. நான் உள்ளே படுத்திருந்தேன். எனக்குக் கேட்டுச்சு. ஏன் என்னை வேணாம்னு சொன்னீங்க?"

இரண்டு வருஷம். தினமும் என் எதிரில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே இந்தக் கேள்வியை அவள் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் சொல்வதற்கெல்லாம் "சரி அத்தே" என்று அவள் சொன்னதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கக் கூடாது என்று நான் சொல்லியனுப்பியதால் அவள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு உண்மையைச் சொன்னேன். வேறு என்ன செய்வது, கேட்கலாம் என்று சொன்னவள் நான்தானே.

"உன்னை வேணாம்னு சொல்லலடி. நீ ஒரு வருஷம் இருந்தேன்னா அப்புறம் உன்னை விட மாட்டேன். ஏதாவது சாக்குச் சொல்லி இங்கேயே வச்சுக்குவேன். எனக்கு என்னைத் தெரியும். உங்க அம்மா அங்கே நாலு வருஷமா உன்னைப் பாக்காம இருந்தா. அதனாலதான் ஒரேயடியா அனுப்பிட்டேன்."

அவள் நான் சொன்னதை யோசிப்பது தெரிந்தது. அங்கே தம்பி, "நேரமாச்சு, ஷூவைப் போடு" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. சின்னவள் ஏதோ ஆங்கிலத்தில் பாடிக்கொண்டு குறுக்கே ஓடினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, அத்தே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையை மாட்டிக்கொண்டு, மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்கலாம்தான். ஏழு வயசுப் பிள்ளையை யாராவது யோசனை கேட்பார்களா என்று வேறு யாரிடமாவது வாதாடியிருப்பேன். அவளிடம் அது செல்லாது. கேட்டிருந்தால், உங்களோடயே இருக்கேன் அத்தே என்றுதான் சொல்லியிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.